ஒரு மாத வட்டிகூட நின்றதில்லை. வங்கி எங்கள் தரத்தை ஏன் இறக்கியது?

புதுவயல் அரிசி | திங்கள், காலை 9.10

வணக்கம். புதுவயலில் அப்பா தொடங்கிய அரிசி ஆலையை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வங்கியில் 1 கோடியே 20 லட்சம் ரூபாய்க்குக் கேஷ் கிரெடிட், அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் வரம்பு இருக்கிறது. பதினொரு ஆண்டுகளில் ஒரு மாத வட்டிகூட நின்றதில்லை. என் சிபில் மதிப்பெண் 790. தை அறுவடை வருகிறதே என்று வரம்பை ஒன்றரைக் கோடியாக உயர்த்தித் தரக் கேட்டேன். உயர்த்தவில்லை என்பதுகூடப் பெரிதில்லை. ஆலையின் தரத்தை ஒரு படி இறக்கி, வட்டியைக் கால் சதவீதம் கூட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். காரணமாக ஒரே ஒரு வரி: "கடன் இடர் மதிப்பீட்டின்படி."

அப்பா அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தார். "நாம் யாருக்கு என்ன பாக்கி வைத்தோம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வங்கித் தொழில் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இந்த மதிப்பீட்டில் எதை அளக்கிறார்கள்? எப்படி அளக்கிறார்கள்?

ஆத்தங்குடிக் கல் | திங்கள், காலை 10.25

உங்கள் அப்பாவின் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது, சகோதரி. போன ஆண்டு எனக்கும் இதே கதைதான். கண்ணாடித் தகட்டில் சாயம் ஊற்றிக் கையால் வார்க்கிற தரைக் கல்லுக்குக் கணினியில் எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவார்கள்? அந்தக் காலத்தில் மேலாளர் பட்டறைக்கு வருவார், தண்ணீர்த் தொட்டியில் ஊறும் கற்களை எண்ணுவார், என் முகத்தைப் பார்ப்பார், கடன் தருவார். இன்று முகம் பார்ப்பார் யாரும் இல்லை. நாற்பது ஆண்டு நாணயத்தை ஒரு எண்ணால் அழித்துவிடுகிறார்கள்.

பழைய கடன்மேசை | திங்கள், மதியம் 1.40

முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். இப்போது ஓய்வு பெற்றுக் காரைக்குடியில் இருக்கிறேன். உங்கள் வங்கி எது என்று கேட்கமாட்டேன். எதுவானாலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். சிபில் மதிப்பெண் வேறு, வங்கி உங்கள் ஆலைக்குப் போடும் தரம் வேறு. சிபில் எண் 300-இலிருந்து 900 வரை ஓடும். இதுவரை வாங்கிய கடனைத் தனிமனிதராக எப்படிக் கட்டினீர்கள் என்பதை அது சொல்லும். ஆலைக்கான தரம் வரப்போவதைப் பற்றியது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் இந்தக் கணக்கு 90 நாளுக்கு மேல் தடுமாற எவ்வளவு வாய்ப்பு என்பதே அதன் கேள்வி. நேற்றுவரை கட்டியதற்கு அதில் இடம் உண்டு. ஆனால் அதுவே முழுவதும் ஆகாது.

மூன்று விவரம் சொல்லுங்கள் அம்மா. ஆண்டு முழுவதும் வரம்பில் எத்தனை சதவீதம் எடுத்து வைத்திருக்கிறீர்கள்? உங்கள் விற்பனையில் முதல் வாங்குநரின் பங்கு எவ்வளவு? சரக்கு போய்ப் பணம் வர எத்தனை நாள் ஆகிறது?

புதுவயல் அரிசி | திங்கள், மாலை 6.05

நன்றி ஐயா. பதில்கள்: வரம்பில் 95-இலிருந்து 98 சதவீதம் எப்போதும் எடுத்த நிலையிலேயே இருக்கிறது. முதல் வாங்குநர் கேரளத்து மொத்த வியாபாரி. எங்கள் விற்பனையில் 62 சதவீதம் அவருக்குத்தான் போகிறது. முன்பு முப்பது நாளில் பணம் வரும், இப்போது எழுபது நாள் ஆகிறது. ஆனால் அவர் அப்பாவின் இருபதாண்டு நண்பர், ஏமாற்றுகிறவர் இல்லை.

பழைய கடன்மேசை | திங்கள், இரவு 8.30

உங்கள் கேள்விக்கான விடை உங்கள் பதிலிலேயே இருக்கிறது அம்மா. அந்தக் கடிதத்தில் உங்கள் பெயரைப் படித்தீர்கள். வங்கி அதில் அந்தக் கேரளத்து வியாபாரியின் பெயரைப் படித்திருக்கிறது.

கேஷ் கிரெடிட் மூச்சு மாதிரி ஏறி இறங்க வேண்டியது. நெல் வாங்கும் மாதங்களில் ஏறும், அரிசி விற்றால் இறங்கும். உங்கள் கணக்கு ஆண்டு முழுவதும் உச்சியிலேயே நிற்கிறது. அப்படியானால் அந்தப் பணம் சுழலவில்லை, எங்கோ உட்கார்ந்துவிட்டது. எங்கே என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். முப்பது நாள் எழுபது ஆனபோது உங்கள் வங்கிப் பணத்தில் அவர் வியாபாரம் செய்யத் தொடங்கிவிட்டார். மாதாமாதம் நீங்கள் கொடுக்கும் சரக்குப் பட்டியலில் 90 நாள் தாண்டிய பாக்கியை, எவ்வளவு கடன் எடுக்கலாம் என்ற கணக்கில் வங்கிகள் பொதுவாகச் சேர்ப்பதில்லை. எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது?

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஒரு வங்கி தன் முதல்நிலை மூலதனத்தில், அதாவது முதன்மையான சொந்தப் பணத்தில், 20 சதவீதத்துக்கு மேல் ஒரே கடனாளியிடம் மாட்டிக்கொள்ளக்கூடாது, ஒரே குழுமமாக இருந்தால் 25 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. கோடி கோடியாகப் பணம் புழங்கும் வங்கிக்கே அந்தக் கட்டுப்பாடு. ஓர் ஆலை தன் விற்பனையில் 62 சதவீதத்தை ஒரே வாசலில் இறக்கிவைத்திருக்கிறது.

எப்படி அளக்கிறார்கள் என்றும் கேட்டீர்கள். அடிப்படை மூன்று எண்கள்தாம். கடனாளி தவறுவதற்கான வாய்ப்பு. தவறும் அன்று வெளியே நிற்கும் தொகை. ஈட்டை விற்றபின்னும் திரும்பாமல் போகும் பங்கு. மூன்றையும் பெருக்கினால் எதிர்பார்க்கும் இழப்பு. நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்து, ஆண்டுக்கு இரண்டு பேர் தவறி, தவறியதில் 40 சதவீதம் திரும்பாது என்றால் இழப்பு 80,000 ரூபாய். அதை நூறு பேரின் வட்டியிலும் பரப்பி வைப்பார்கள். உங்களுக்குக் கூடிய கால் சதவீதம் அங்கிருந்து வருகிறது.

தேவகோட்டை மாணவி | செவ்வாய், காலை 7.15

ஐயா, நான் வணிகவியல் முதுகலை படிக்கிறேன். எதிர்பார்க்கும் இழப்பை வட்டியிலேயே வாங்கிவிட்டால், வங்கி மூலதனம் எதற்கு? வங்கி மூலதனத்துக்கான உலகப் பொது விதிகளான பேசல் விதிகள், கடனுக்கு 9 சதவீதம் மூலதனம் என்றெல்லாம் பாடத்தில் வருகிறது. மனப்பாடம் செய்திருக்கிறேன், மனதில் ஏறவில்லை.

பழைய கடன்மேசை | செவ்வாய், காலை 11.50

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. என் வேலைக்காலத்தில் எனக்கே இது தாமதமாகத்தான் விளங்கியது.

இரண்டு வங்கிகளை எடுத்துக்கொள். இரண்டும் நூறு பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் கொடுத்திருக்கின்றன. முதல் வங்கியின் கடனாளிகள் நூறு தொழில் செய்பவர்கள்: கொட்டான் பின்னுகிறவர், கண்டாங்கி நெய்கிறவர், மருந்துக் கடைக்காரர், லாரி ஓட்டுகிறவர். ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் இரண்டு பேர் தவறுகிறார்கள். இரண்டாவது வங்கியின் நூறு பேரும் ஒரே கண்மாய்த் தண்ணீரில் நெல் போடுகிறவர்கள். நாற்பத்தொன்பது ஆண்டுகள் ஒருவர்கூடத் தவறவில்லை. ஐம்பதாவது ஆண்டு கண்மாய் வறண்டது. நூறு பேரும் தவறினார்கள். ஐம்பது ஆண்டுக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டு வங்கிக்கும் ஆண்டுச் சராசரி அதே இரண்டு பேர்தான். எதிர்பார்க்கும் இழப்பும் ஒன்றேதான்.

ஆனால் அந்த ஐம்பதாவது ஆண்டில் இரண்டாவது வங்கி 40 லட்சத்தை இழக்கிறது. ஒரு கோடிக் கடனுக்கு 9 லட்சம் மூலதனம் வைத்திருந்தால், அது போனபிறகு மீதி 31 லட்சம் யாருடையது? வைப்பு வைத்தவர்களுடையது. சராசரிக்கு மேல் திடீரென்று வரும் அந்த இழப்பைத் தாங்கத்தான் மூலதனம். 1988-இல் முதல் பேசல் உடன்பாடு உலகத்துக்கு 8 சதவீதம் என்றது, நம் ரிசர்வ் வங்கி 9 என்று வைத்தது. அதன்மேல் இன்று 2.5 சதவீதம் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. எல்லாக் கடனுக்கும் ஒரே எடையும் இல்லை. ஈடில்லாத தனிநபர் கடன்கள் வேகமாகப் பெருகியபோது 2023 நவம்பரில் அவற்றின் இடர் எடையை 100-இலிருந்து 125 சதவீதமாக உயர்த்தினார்கள். எடை கூடினால் அதே கடனுக்குக் கூடுதல் மூலதனம் வைக்க வேண்டும்.

ஒருவர் தவறுவாரா என்று கேட்பது எளிது. எல்லோரும் சேர்ந்து எப்போது தவறுவார்கள் என்பதே கடினமான கேள்வி. அதற்குச் சிபில் எண்ணில் விடை இல்லை.

கண்டனூர்ப் பேரேடு | செவ்வாய், இரவு 9.20

கடைசிப் பத்தியைப் படித்ததும் வீட்டில் இருக்கும் பழைய பேரேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் பாட்டையாவுக்குப் பர்மாவில் பெகு பக்கம் வட்டிக்கடை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று மூன்று ஆள் வைத்த சிறிய கடை.

பிரபவ ஆண்டு, அதாவது 1927-28-க்கான ஐந்தொகையில், அதாவது ஆண்டு இறுதிச் சொத்து-கடன் கணக்கில், நிலம் என்ற தலைப்பே கிடையாது. கடன் பற்று, வட்டி வரவு, உண்டியல் என்னும் பணமாற்றுச் சீட்டு, அறப்பணிக்கான மகமை, சம்பளம் மட்டுமே. பவ ஆண்டு, 1934-35 ஐந்தொகையைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க ஏக்கர். வட்டி வரவு நாலு வரியில் முடிந்துவிடுகிறது. நடுவில் நடந்தது 1930. உலக மந்தத்தில் நெல் விலை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே போனது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6. 1937-38-இல் நூற்றுக்கு 25. இவர்கள் நிலம் தேடிப் போனவர்கள் இல்லை. கொடுத்த பணம் மண்ணாகத் திரும்பி வந்தது.

எனக்கு மனதில் தைத்தது ஒன்று உண்டு. அந்த ஏக்கர் பக்கத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் எழுதியிருக்கும் தொகை சந்தை விலை இல்லை. கடனாளி எவ்வளவு பாக்கி வைத்திருந்தாரோ, அதே தொகை, வட்டியோடு, ரூபாய் அணா பைசா மாறாமல். ஆயிரத்து நானூறு ரூபாய் பாக்கிக்கு வந்த நிலம் ஆயிரத்து நானூறு ரூபாய் நிலம். ஆகவே ஐந்தொகையில் நட்டமே தெரியாது. இழந்துவிட்டோம் என்பது பேரேட்டுக்குத் தெரியாமலேயே பத்தாண்டு ஓடியிருக்கிறது. 1942-இல் ஜப்பானியப் படை வந்தபோது அடுத்தாள் நடந்தே திரும்பினார். 1948-இல் சுதந்திர பர்மா நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. அதற்குப் பிந்தைய பேரேடு எங்கள் வீட்டில் இல்லை.

ஆத்தங்குடிக் கல் | புதன், காலை 8.00

பேரேடு அண்ணனுக்கு வணக்கம். ஆனால் இதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. மந்தமும் போரும் யாருடைய தப்பு? உங்கள் பாட்டையா ஆளைப் பார்த்துக் கடன் கொடுத்தவர். அந்த முறையில் குற்றம் இல்லை. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் நெல் விலை விழாமல் இருந்திருக்குமா?

கண்டனூர்ப் பேரேடு | புதன், மதியம் 12.35

விழுந்துதான் இருக்கும் தம்பி. பாட்டையாவைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. ஆளை அறிவதில் அவர்களைவிடக் கெட்டிக்காரர் இல்லை. ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். எந்தக் கடை தள்ளாடுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். எந்த உழவர் நாணயமானவர், எவருடைய வயல் கரையோரம் என்பதெல்லாம் அடுத்தாளுக்கு விரல் நுனியில். ஒவ்வொரு கடனும் நல்ல கடன். ஆனால் எல்லாக் கடனும் ஒரே நெல் விலையில் சாய்ந்து நின்றன. கட்ட முடியாமல் போனதும் நெல் விலையால், ஈடாக வந்த நிலத்தின் மதிப்பு விழுந்ததும் அதே நெல் விலையால். 1929-30-இல் அமர்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கே நகரத்தார் போட்டிருந்த பணத்தை 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அத்தனை பணமும் எதை நம்பி நிற்கிறது என்று யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பார்த்தவர்களும் நம்மவர்களில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். வெளிநாட்டு வணிகம், அந்நியச் செலாவணி என்று போனார். வயலை மட்டும் நம்பவில்லை.

நகை எடைக்கல் | புதன், மாலை 5.45

ஈடும் கடனும் சேர்ந்து விழுவது என்றதும் கை தானாக எழுதுகிறது. தேவகோட்டையில் வங்கிக் கிளைகளுக்கு நகை மதிப்பிட்டுக் கொடுப்பவன் நான். உரைகல்லில் தேய்த்து, அமிலம் விட்டு, கல் எடை கழித்து, உள்ளே அரக்கு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துத்தான் நிகர எடை எழுதுவேன். தங்கத்தைவிட நம்பகமான ஈடு இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். 2020 ஆகஸ்டில், கொரோனா நெருக்கடிக்காக, வங்கிகள் வேளாண்மை அல்லாத நகைக்கடனுக்கு மதிப்பில் 75-க்குப் பதில் 90 சதவீதம்வரை தரலாம் என்று 2021 மார்ச் வரைக்கும் தளர்த்தினார்கள். தங்கம் உச்சத்தில் நின்ற மாதம் அது. மார்ச் வருவதற்குள் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிட்டது.

ஒரு லட்சம் மதிப்புள்ள சங்கிலிக்கு 90,000 வாங்கியவரின் சங்கிலி 80,000 ஆனது. மீட்கத் தோன்றுமா? வேலையும் இல்லை, மீட்பதால் லாபமும் இல்லை. 75 வைத்திருந்தால் அந்தச் சங்கிலி இன்னும் வீட்டுக்காரியின் கழுத்துக்குத் திரும்பியிருக்கும். என் எடையிலோ உரையிலோ பிசகில்லை. பிசகு அந்த 15 சதவீத இடைவெளியில் இருந்தது. 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம்வரையிலான கடனுக்கு 85 சதவீதம் என்பது விதி. ஏழைகளுக்கு அவசரத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் 85 வாங்குகிறவரிடம் "விலை இறங்கினால் இப்படி ஆகும்" என்று நான் ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்கப்போகிறேன்.

பழைய கடன்மேசை | புதன், இரவு 10.10

பேரேடு ஐயா சொன்ன அந்த ஆயிரத்து நானூறு ரூபாய் நிலம் என்னைத் தூங்கவிடவில்லை. அதையே நாங்களும் செய்தோம். 2010-க்குப் பிறகான ஆண்டுகளில் பெரிய மின் திட்டங்களும் இரும்பு ஆலைகளும் கட்ட முடியாமல் நின்றபோது, பழைய கடனைக் கட்டப் புதுக் கடன் கொடுத்து, தவணையைத் தள்ளிவைத்து, ஏட்டில் நல்ல கடனாகவே காட்டினோம். 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று ஒவ்வொரு பெரிய கணக்கையும் திறந்து பார்த்தது. மறைந்திருந்ததெல்லாம் வெளியே வந்து, 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியது. 2024 மார்ச்சில் அது 2.8 சதவீதத்துக்கு இறங்கியது. இடையில் அரசு தன் வங்கிகளுக்கு மூலதனமாகக் கொட்டிய பணம் வரி கட்டியவர்களுடையது. முதல் ஆண்டே ஒப்புக்கொண்டிருந்தால் இழப்பு இவ்வளவு வளர்ந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆத்தங்குடித் தம்பியின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, அதையும் எழுதாமல் விடக்கூடாது. ஒரு வங்கி கையை இறுக்கினால் அது விவேகம். எல்லா வங்கியும் ஒரே மாதத்தில் இறுக்கினால் ஊரே நின்றுபோகும். நின்றுபோன ஊரில் இன்னும் பலர் தவறுவார்கள். அதைப் பார்த்து மறுபடி இறுக்குவார்கள். 2020-இல் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் தவணை நிறுத்தம் கொடுத்ததும், சிறு தொழில்களுக்கு அரசு முழு உத்தரவாதத்தோடு அவசரக் கடன் கொடுத்ததும் அந்தச் சுழலை உடைக்கத்தான். அளவுகோல் வேண்டும் என்பவன் நான். ஆனால் ஒற்றை வரிக் கடிதத்தை நியாயப்படுத்தமாட்டேன். தரத்தை இறக்கினால் எந்தெந்தக் காரணத்தால் இறங்கியது, எதைச் சரிசெய்தால் ஏறும் என்று உட்கார்ந்து சொல்வது மேலாளரின் கடமை. என் காலத்தில் நானும் அதைப் பல பேருக்குச் செய்யாமல் விட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

புதுவயல் அம்மாவுக்கு: உங்கள் ஆலைக்குக் குறு, சிறு தொழில் என்ற உத்யம் பதிவு இருந்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குநர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006 சட்டம். தாமதித்தால் வட்டி உண்டு. 2023-24 நிதியாண்டிலிருந்து, கெடு தாண்டி நிற்கும் பாக்கியைப் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அவர் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். நண்பரிடம் சட்டம் பேசத் தயங்கினால், இந்த வரி விவரத்தை மட்டும் சொல்லுங்கள். அவருடைய தணிக்கையாளரே மீதியைச் சொல்லிவிடுவார்.

புதுவயல் அரிசி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.30

எல்லோருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த இழையை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். பேரேடு ஐயா எழுதிய பகுதியை அவர் இரண்டு முறை படித்தார். மறுநாள் தானே பஸ் ஏறி நண்பரைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது. நண்பர் ஏமாற்றவில்லை, அவருடைய இரண்டு பெரிய வாங்குநர்கள் அவருக்கு ஆறு மாதமாகப் பணம் தரவில்லையாம். அதை எங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறார். பழைய பாக்கியை நான்கு தவணையில் தருவதாக ஒத்துக்கொண்டார், முதல் தவணை வந்துவிட்டது. இனி 45 நாள், அதற்குமேல் பாக்கி நின்றால் அடுத்த லாரி ஏற்றுவதில்லை என்று இருவரும் பேசி எழுதிக்கொண்டார்கள்.

மதுரையிலும் திருச்சியிலும் ஒவ்வொரு கடைக்காரருக்குச் சிறிய அளவில் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். விலை கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகத்தான் கிடைக்கிறது. அப்பாவுக்கு அது உறுத்துகிறது, எனக்கும்தான். கேஷ் கிரெடிட் 97-இலிருந்து 84 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. மேலாளரிடம் வாங்குநர் வாரியான பட்டியலை நானே தயாரித்துக் கொண்டுபோனேன். அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு முக்கால் மணி நேரம் பேசினார். வட்டியைக் குறைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் தரத்தை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார்.

தைப் பிறப்பன்று அப்பா புதுக் கணக்கு நோட்டுப் போட்டார். பிள்ளையார் சுழிக்குக் கீழே எப்போதும் "லாபம்" என்று எழுதுவார். இந்த ஆண்டு அதற்கடுத்த வரியில், "ஒருவரிடம் 25 லட்சத்துக்கு மேல் பாக்கி நிற்கக்கூடாது" என்று எழுதி, என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்.